முதுகைக் காட்டாத இன்ஸ்பெக்டரம்மா

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால், "அது எப்படி நாலு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க? முன்னாடியே பேசி வெச்சிக்கிட்டீங்களா?" என்று கேட்கக்கூடிய ஒரே மனுஷியை நான் பெங்களூரில் பார்த்தேன். போலீஸ், சுங்கம், வருமான வரி என்று எத்தனையோ இலாகாக்களின் சந்தேகப் பிராணிகளை அதற்குப் பிறகு சந்தித்துவிட்டேன். அத்தனை பேரும் அவரிடம் வந்து அரிச்சுவடி படிக்க வேண்டியவர்கள்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டரம்மா. நேரில் "அக்கா" என்போம். முதுகுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரம்மா. ஒரு வருஷம் முழுக்க, அவர் இருக்கிற அறையிலேயே அப்படிச் சொல்லியும் அந்தப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அப்போதே ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். கன்டோன்மென்ட் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. ஜட்காக்காரர்களிடம் "ஊமை இஸ்கூல்" என்று சொன்னால்தான் வண்டி நகரும். அதனுடன் ஒட்டிக்கொண்டு ஆசிரியைகளுக்கு ஓராண்டுப் பயிற்சி வகுப்பு. வருஷக் கடைசியில் எழுத்துப் பரீட்சை. அப்புறம் சர்க்காரிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்து நாம் பாடம் நடத்துவதை நேரில் உட்கார்ந்து பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் சர்டிபிகேட். சர்டிபிகேட் இருந்தால்தான் காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சர்.

என் அப்பாவுக்கு ஷிமோகாவில் உத்தியோகம். அதனால் நான் ஜோகுபாளையத்தில் பயிற்சிப் பெண்களுக்கென்று எடுத்திருந்த வாடகை வீட்டில் தங்கினேன். என் அறையில் கேத்தரின் என்று ஒரு கன்டோன்மென்ட் பெண். வீடு கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் அங்கே அண்ணன் தம்பிகளின் ரகளையில் படிக்க முடியாது என்று வந்துவிட்டாள். மூன்றாவது கட்டிலுக்கு வந்தவர் இன்ஸ்பெக்டரம்மா. தங்கவயலில் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவர், எங்களைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், உயரம், ஒல்லி, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை.

வந்தவுடன் கட்டிலை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டார்.

"என் முதுகுப் பக்கம் யாரும் நிக்கக் கூடாது. எனக்குப் பிடிக்காது" என்றார்.

"ஏங்க்கா?" என்றாள் கேத்தரின்.

"நேருக்கு நேர் சொல்ல முடியாததைத்தான் முதுகுக்குப் பின்னால சொல்லுவாங்க."

வகுப்பிலும் அதே கதைதான். எல்லோரும் பிரின்சிபால் மிஸ்ஸைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, மிஸ்ஸையும் எங்களையும் ஒரே பார்வையில் வைத்திருப்பார். மிஸ் சீமைக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தவர், கண்டிப்பானவர். அவரே முதல் வாரத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் சாட்சிக் கூண்டு இருப்பதைப் போல இந்த நாற்காலியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மூணு பேரு வந்து பார்த்தாங்க. மூணு பேருமே என்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. எனக்குச் சந்தேகமாயிடுச்சு" என்றார்.

எங்கள் படிப்பின் முக்கால் பங்கு உதடும் தொண்டையும் மூக்கும்தான். காது கேளாத குழந்தைக்குப் பேச்சு சொல்லித்தர வேண்டுமென்றால், ஒலி எங்கே பிறக்கிறது என்று அது தொட்டுப் பார்க்க வேண்டும். டீச்சரின் தொண்டையில் குழந்தையின் கை. குழந்தையின் தொண்டையில் டீச்சரின் கை. முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடி. உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டு. "பா" சொன்னால் அது ஆடும். மிஸ் இதையெல்லாம் எங்களுக்குள்ளேயே பழகச் சொல்லுவார். நாங்கள் வகுப்போடு விட்டுவிடுவோம். இன்ஸ்பெக்டரம்மா ஊரெல்லாம் பழகினார்.

முதலில் மாட்டியவர் பால்கார முனியப்பா. பாலில் தண்ணீர் இருப்பதாக இவருக்குச் சந்தேகம். அதில் தப்பு சொல்ல முடியாது, எங்களுக்கும் இருந்தது. ஆனால் நாங்கள் முணுமுணுத்ததோடு சரி. இவர் வாசலுக்குப் போய் முனியப்பாவின் தொண்டையில் கையை வைத்தார்.

"இப்ப சொல்லு. தண்ணி ஊத்தினியா?"

"சத்தியமா இல்லம்மா!"

"தொண்டை நடுங்குது."

"நீங்க பிடிச்சா நடுங்காம என்னம்மா பண்ணும்?"

மறுநாளிலிருந்து பால் திக்காக வந்தது. முனியப்பா செம்பைப் படியிலேயே வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு மணியடிப்பார்.

அந்த நாளில் பெங்களூரிலும் சாயங்காலம் மின்சாரம் போகும். ஒருநாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தது. உடனே இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல்: "லைட் வர்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது!"

"ஏங்க்கா, சாம்பார் வேணும்னா கூடவா?" என்று கேட்டேன்.

"யாரும் பேசக் கூடாதுன்னு சொன்னேன்!"

"நான் சாம்பார்தானே..."

"பேசாதேன்னா பேசாதே!"

சாம்பார் இல்லாமலே சாப்பிட்டு முடித்தேன். இருட்டில் அவரைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயப்படுகிறார், எப்பேர்ப்பட்ட மனசு என்று நானும் கேத்தரினும் அன்றைக்குச் சிரித்தோம்.

இதற்கெல்லாம் சிகரம் வைத்த மாதிரி வந்தது மாமா விவகாரம்.

கேத்தரினின் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவும் குழந்தையும் புருஷன் வீட்டுக்கு வருகிற ஞாயிறு அன்று போய்ப் பார்க்க வேண்டும் என்று கேத்தரினுக்கு ஆசை. சாப்பாட்டு மேஜையில் என்னிடம் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பாப்பா வருது. நான் பூசைக்குப் போற மாதிரி அப்படியே போயி பார்த்துட்டு வந்துடறேன். மிஸ்கிட்டே சொல்லாதே."

எதிர்ப்பக்கத்தில் இன்ஸ்பெக்டரம்மாவின் கை தட்டில் நின்றது.

"எந்த மாமா?"

நாங்கள் இருவரும் விழித்தோம்.

"என்னாக்கா?"

"ஞாயித்துக்கிழமை எந்த மாமா வர்றாரு? பூசைக்குப் போற மாதிரி போயி யாரைப் பார்க்கப் போறே?"

"மாமா இல்லேக்கா, பாப்பா!" என்று கேத்தரின் அலறினாள்.

"திரும்பவும் மாமாங்கறே!"

விளக்கம் சொல்லச் சொல்ல விவகாரம் முற்றியது. ஞாயிற்றுக்கிழமை கேத்தரின் கிளம்பினாள். குடையும் கிளம்பியது. அல்சூர் ஏரிக்கரை நெடுக இவள் முன்னால், குடை பின்னால். அக்கா வீட்டு வாசலில் கேத்தரின் நுழைந்த கையோடு இவரும் நுழைந்து நின்றார். தொட்டிலில் குழந்தை. இன்ஸ்பெக்டரம்மா அதைப் பார்த்தார், நன்றாக உற்றுப் பார்த்தார். குழந்தை என்பதில் சந்தேகமில்லை. அவர் முகம் கொஞ்சம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அக்காவின் புருஷன் வந்தார். கேத்தரின் வீட்டு வழக்கப்படி அக்காள் புருஷன் மாமா. அவள் வாய் தவறி, "எப்படி இருக்கீங்க மாமா?" என்று கேட்டுவிட்டாள்.

"பார்த்தியா!" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, குடையை அவர் பக்கம் நீட்டி. "மாமா இருக்காரு இல்லே!"

இதைக் கேத்தரின் வந்து அழுதுகொண்டே சொன்னபோது நான் கட்டிலிலிருந்து விழுந்து சிரித்தேன். என் சிரிப்பு அந்த வாரம் புதன்கிழமைவரைதான் இருந்தது.

புதன்கிழமை வகுப்பில் மிஸ் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, "உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறதுல ஒரு கஷ்டம் இருக்கு. சில எழுத்து உதட்டுல ஒண்ணாத்தான் தெரியும். இப்பப் பாருங்க" என்றார். பிறகு குரல் இல்லாமல் வாயை மட்டும் இரண்டு தடவை அசைத்தார். "முதல்ல சொன்னது என்ன, ரெண்டாவது சொன்னது என்ன?"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

"முதல்ல பாப்பா. அப்புறம் மாமா. காது கேக்கறவங்களுக்கு இந்தக் குழப்பமே வராது. மூக்குல விரலை வெச்சுப் பாருங்க. மாவுக்கு அதிரும், பாவுக்கு அதிராது."

எல்லோரும் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு பாப்பா மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மெதுவாக ஜன்னல் பக்கம் பார்த்தேன். இன்ஸ்பெக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வகுப்பில் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சந்தேகம் என்பது ஒட்டுவாரொட்டி. அன்றிலிருந்து எனக்குப் பிடித்துக்கொண்டது. நாற்காலியைத் திருப்பிப் போடுவது, இருட்டில் பேசாதே என்பது, பால்காரனின் தொண்டை என்று எல்லாவற்றையும் மறுபடி நினைத்துப் பார்த்தேன். சாயங்காலம் அவர் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்று சாதாரணக் குரலில் சொன்னேன்: "அக்கா, மிஸ் உங்களைப் பத்தித்தான் ஆபீசுல திட்டிக்கிட்டிருக்காங்க."

நாலு தெரு தாண்டி ஒருவர் தும்மினால் தன்னைப் பார்த்துத் தும்மினாரா என்று கேட்கிற மனுஷி. புடவையின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். "என்னா, பூனை மாதிரி வர்றே?" என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கேத்தரினிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் "மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் கவலை வீண் கவலை இல்லை. பேச்சுப் பாடம் எடுக்கிற டீச்சருக்குக் காது நன்றாக இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். குழந்தை சொன்னது பாவா மாவா என்று கேட்டுத் திருத்த வேண்டியவர் டீச்சர்தானே? எக்ஸாமினர் வர இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. நாங்கள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் நிழல் தட்டியது.

"என்னைப் பத்தித்தானே பேசறீங்க?"

அந்த வருஷத்தில் அவர் அப்படிக் கேட்ட வேளையில் முதல் தடவையாக நாங்கள் உண்மையிலேயே அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"இல்லேக்கா, பரீட்சையைப் பத்தி" என்றாள் கேத்தரின். அவர் வந்து கேத்தரினின் தொண்டையில் கை வைத்தார். பிறகு என் தொண்டையில். நான் சொல்லிவிட்டேன்: "ஆமாக்கா. உங்களைப் பத்தித்தான். உங்க காதைப் பத்தி."

கையை எடுத்துக்கொண்டார். கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"டைஃபாய்டு வந்து எழுந்ததுலேருந்து" என்றார். "இங்க சேர்ந்தப்போ இடது காதுல பாதி இருந்துச்சு. டாக்டரு கூட பரவாயில்லேன்னு எழுதிக் குடுத்தாரு. தீபாவளிக்குள்ள அதுவும் போயிடுச்சு."

"அப்ப ஏங்க்கா இங்கேயே வந்து சேர்ந்தீங்க?" என்றேன், அவர் பார்க்கும்படி.

"வேற எங்கே போறது? தங்கவயல்ல ஹெட்மாஸ்டருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. வீட்ல உட்கார்ந்தா அண்ணி கையால சோறு. காது கேக்காத டீச்சரை ஒரு பள்ளிக்கூடத்துல வெச்சுக்குவாங்கன்னா அது இந்தப் பள்ளிக்கூடமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். இங்க வந்து பார்த்தா, இங்கதான் காது ரொம்ப முக்கியமாம்!" சிரித்தார். உடனே முகம் மாறியது. "யாருகிட்டே சொல்லப் போறீங்க?"

"யாருகிட்டேயும் இல்லேக்கா."

"இல்லேங்கறவங்கதான் மொதல்ல ஓடிப்போய்ச் சொல்லுவாங்க."

அடுத்த சில வாரங்கள் நான் தபாலாபீசுக்குப் போனாலும் குடை கூடவே வந்தது. மிஸ்ஸின் அறைக்கு சாக்பீஸ் எடுக்கப் போனால் ஜன்னலுக்கு வெளியே இவர் நின்றுகொண்டு என் உதட்டைப் பார்ப்பார். பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அதற்கும் சந்தேகப்பட்டார்.

எக்ஸாமினர் வந்தார். கறுப்புக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. அவர் கேட்டைத் தாண்டி வரும்போது வராந்தாவில் நின்றிருந்த இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஏன் என்று அவர் அருகில் வந்ததும் தெரிந்தது. மேலுதடு கீழுதடு இரண்டையும் மூடிக்கொண்டு பெரிய நரைத்த மீசை. அதற்குப் பின்னால் வாய் இருக்கிறது என்பதே ஒரு நம்பிக்கைதான்.

"வசந்தா," என்று என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என்னிடம் எந்த உதவியும் கேட்டதில்லை. "அந்த ஆளு பேசறதை நீ வாயாலே திருப்பிச் சொல்லு. சத்தம் வேணாம். பின்னால உட்கார்ந்துக்கோ."

"சரிக்கா."

இரண்டு எட்டு போனவர் திரும்பி வந்தார். "கேத்தரினையும் சொல்லச் சொல்லு. ரெண்டு பேரும் ஒண்ணே சொல்றீங்களான்னு நான் பார்த்துக்கறேன்."

அவருக்குப் பாடம் நடத்தக் கிடைத்தவள் மல்லிகா. ஏழு வயது, பிறந்ததிலிருந்து காது கேளாதவள், பயம் என்பதே கிடையாது. அந்த வருஷம் எங்கள் எல்லோரையும்விட இன்ஸ்பெக்டரம்மாவிடம்தான் அவளுக்கு ஒட்டுதல். நாங்கள் ஒரு சொல்லைச் சுமாராகச் சொன்னாலே "சபாஷ்" என்று விட்டுவிடுவோம். இவர் மல்லிகாவின் மூக்கையும் தொண்டையையும் தொட்டுத் தொட்டு, தன் விரலுக்குத் திருப்தியாகும்வரை விடமாட்டார்.

எக்ஸாமினர் உட்கார்ந்தவுடனே அவரும் நம்ம இன்ஸ்பெக்டரம்மா ஜாதிதான் என்று தெரிந்துவிட்டது. முதலில் மல்லிகாவுக்குப் பின்னால் போய்ப் படாரென்று கையைத் தட்டினார், நிஜமாகவே கேட்கவில்லையா என்று பார்க்க. பிறகு பாடப் படங்களைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று. இன்ஸ்பெக்டரம்மா அவரை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடம் நன்றாகவே போயிற்று. அவர் மீசைக்குப் பின்னால் கேள்வி கேட்பார். பின் பெஞ்சியில் நான் அதை ஓசையில்லாமல் சொல்லுவேன். இன்ஸ்பெக்டரம்மாவின் கண் என்னைப் பார்க்கும், உடனே கேத்தரினைப் பார்க்கும், பிறகுதான் பதில் வரும். யோசித்துப் பதில் சொல்கிறார் என்று எக்ஸாமினருக்குத் திருப்தி. முடிந்துவிட்டது என்று நான் மூச்சு விடும்போது அவர் கையைத் தூக்கி, கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்.

"மேடம், நீவு ஆ கடெ, அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நில்லி. மகு, குழந்தை, இந்த வார்த்தையைச் சொல்லும். பார்க்காம, கேட்டே, சரியா தப்பா ஹேளி, சொல்லுங்க."

அதையும் வாயசைத்துச் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டரம்மா கேத்தரினைப் பார்த்தார். அவளும் அதையேதான் சொன்னாள். ஒரு கணம் இரண்டு பேரையும் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அந்த ஒல்லி முதுகை அவராகவே திருப்பிக் காட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எக்ஸாமினர், இன்ஸ்பெக்டரம்மா திரும்புமுன் அவருக்கும் காட்டியிருந்த "படி" என்ற அட்டையை மல்லிகாவிடம் காட்டினார். மல்லிகா அட்டையைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். அவளுக்கு இது சரியாகப் படவில்லை. எழுந்து டீச்சரை நோக்கி நடந்தாள்.

"ஏய், நில்லு! அல்லே, அங்கேயே நில்லு!" என்று எக்ஸாமினர் அதட்டினார்.

காது கேளாத குழந்தை நிற்குமா? அவள் பாட்டுக்குப் போனாள். மிஸ் சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். மல்லிகா டீச்சரின் விரலைப் பிடித்துத் தன் மூக்கின் மேல் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மடி."

"தப்பு," என்றார் இன்ஸ்பெக்டரம்மா சுவரைப் பார்த்தபடி. "படியை மடின்னு சொல்றா. காகிதம் வெச்சு இன்னொரு தடவை சொல்லித்தரணும்."

எக்ஸாமினரின் மீசை அசைந்தது. அவர் எழுந்து போய் மல்லிகாவை அழைத்து வந்து, தன் நாற்காலிக்கு அருகில் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டார். அட்டையைக் காட்டினார். மல்லிகா சொன்னாள். சுவர்ப் பக்கமிருந்து பதில் இல்லை. மறுபடி சொல்லச் சொன்னார். இந்தத் தடவை அவள் ரொம்பச் சரியாக, உதட்டை வெடித்து, "படி" என்றாள். பதில் இல்லை. "சொல்லுங்கம்மா" என்றார் மிஸ். அதற்கும் பதில் இல்லை. மிஸ்ஸின் கைக்குட்டை அப்படியே நின்றது.

கடைசியில் இன்ஸ்பெக்டரம்மாவே திரும்பினார். "என்னா, பாப்பா இன்னும் ஆரம்பிக்கலியா?" என்று கேட்டார்.

எக்ஸாமினர் மீசைக்குள் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு உதடு அசையவில்லை. கேத்தரினைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். எக்ஸாமினர் சொன்னது இதுதான்: "இந்தம்மாவுக்குக் காது கேக்கலை." அதை நாங்கள் எப்படிச் சொல்வது?

நாங்கள் சொல்லாததிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சார்," என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. "அவங்க ரெண்டு பேரையும் ஏன் அழ வெக்கிறீங்க? உங்க மீசையைக் கொஞ்சம் ஒதுக்கிட்டு என்கிட்டேயே சொல்லுங்க. எனக்குப் புரியும்."

எக்ஸாமினர் அவரையே பார்த்தார். பிறகு, நான் பொய் சொல்லவில்லை, அந்தப் பெரிய மனுஷர் இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அம்மா, சட்டத்துல இடம் இல்லை."

"பேச்சுப் பாடத்துக்குத்தானே சார் இடம் இல்லை? கணக்குக்கு என்னா? படிக்க எழுத என்னா? உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கற பாடம் இருக்கே, அதுக்கு என்னைவிட யாரு கிடைப்பாங்க?" மூச்சு வாங்கினார். "காலையில கேட் பக்கத்துல நின்னு மிஸ் உங்ககிட்டே என்னைக் காட்டி ரகசியமா ஒண்ணு சொன்னாங்க. நான் வராந்தாவுல இருந்தேன். அங்கிருந்து கேட்டுக்கு எவ்வளவு தூரம்னு பாருங்க. 'எழுத்துப் பரீட்சையில இவங்கதான் முதல், ஆனா வாய்தான் கொஞ்சம் நீளம்'னு சொன்னாங்க. சொன்னாங்களா இல்லையா, நீங்களே கேளுங்க."

மிஸ் முகம் சிவந்தது. எக்ஸாமினர் மீசையை விட்டுவிட்டார். மீசைக்குப் பின்னால் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், தோள் குலுங்கியது.

மிஸ் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஏமாற்றிவிட்டார்களே என்ற கோபம். மூன்றாம் நாள் தலைவாரிப் புடவை மாற்றிக்கொண்டு சர்க்கார் ஆபீசுக்குக் கிளம்பினார். பிறகும் பல தடவை போனார். கோடை முடிந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு இன்ஸ்பெக்டரம்மாவுக்கு சர்டிபிகேட் வந்தது. காது கேட்கும் இன்னொரு டீச்சர் உடன் இல்லாமல் பேச்சுப் பாடம் எடுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்தச் சர்க்கார் முத்திரை நிஜமானதுதானா என்று அவர் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததில், ஒரு ஓரம் அழிந்தே போயிற்று.

உடன் இருக்க வேண்டிய காது நான்தான். இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் இருந்தோம். குழந்தை சொல்வதை நான் கேட்டு, "சரியா இருக்குக்கா" என்பேன். அவர் குழந்தையின் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "எனக்குச் சந்தேகமா இருக்கு" என்பார். குழந்தைக்கு இரண்டு பேரும் திருப்தியாகும்வரை விடுதலை கிடையாது. சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்தும் யோசனையை எக்ஸாமினருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்ற சந்தேகமும் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. சும்மா இருக்கும்போதெல்லாம், "இப்பவாவது ஒத்துக்கோ" என்பார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் பார்க்க வந்த அன்று இன்ஸ்பெக்டரம்மா கூடத்தில் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் போனதும் உள்ளே வந்தார்.

"அவன் அவங்கம்மா காதுல என்னா சொன்னான் தெரியுமா?"

"என்னாக்கா?"

"'பொண்ணு நல்லா இருக்கா, அந்தம்மா யாரு, ஏன் என்னையே முறைக்கிறாங்க'ன்னான். நல்ல பையன்தான். பயம் இருக்கு. கட்டிக்கோ."

கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு மதராஸில் வேலை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வழியனுப்ப அப்பா, அம்மா, கேத்தரின், மிஸ், எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பின்னால் குடை. வண்டி கிளம்பியது. இன்ஜின் ஊதிய ஊதலில் அப்பா சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அம்மாவுக்குக் கேட்கவில்லை. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தோம். நான் கூட்டத்துக்கு மேலே இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தைத் தேடிப் பிடித்து, "போயிட்டு வர்றேன்க்கா" என்றேன்.

அவர் ஒருவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேர்ந்தது. குடையை உயர்த்திக்கொண்டு, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "எப்ப?" என்று கத்தினார்.

வாழ்நாளில் எத்தனையோ வாசல்களில் எத்தனையோ பேரிடம் போயிட்டு வர்றேன் என்று சொல்லியிருக்கிறேன். எப்ப என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.